ஃப்யூஸுக்கு முன்னால் ஒரு வயர்

கார் இரண்டு நாள் சும்மா நின்றால் மூன்றாம் நாள் ஸ்டார்ட் ஆகாது. நர்ஸ் சொன்ன புகார் அவ்வளவுதான். பேட்டரி புதியது. ஏற்கெனவே இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டுக் கையை விரித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்திருந்தாள்.

கடைக்காரரை எல்லோரும் மின்னல் என்பார்கள். எலெக்ட்ரீஷியன் என்பதால் அல்ல. ஒரு பல்ப் மாற்ற அரைநாள் எடுப்பார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர். முன்பக்கம் பேட்டரி விற்கும் மேஜையில் அவர் மனைவி இருப்பார்.

"இருபத்திரண்டு வயசு வண்டிம்மா. எங்கேயோ கசியுது. கண்டுபிடிச்சிடலாம், அவசரப்படுத்தாம இருந்தா போதும்."

"மூணரைக்குப் பொண்ணை ஸ்கூல்ல கூப்பிடணும்ணே. அதுவரைக்கும் இங்கதான் இருக்கேன்."

மின்னல் பேட்டரி கேபிளைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டினார். சாவி எடுத்தாயிற்று, விளக்குகள் அணைந்திருக்கின்றன, கதவுகள் மூடியிருக்கின்றன. மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அரை ஆம்பியருக்குச் சற்றுக் கீழே நின்றது. காருக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டிருந்தது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஹாரன், வைப்பர், ரேடியோ, உள்விளக்கு. எதை எடுத்தாலும் கரண்ட் கழுதையாட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றிப் பார்த்தார். அதுவும் இல்லை. அப்படியென்றால் ஃப்யூஸ் பெட்டிக்கு வருவதற்கு முன்னாலேயே யாரோ குடிக்கிறார்கள். மிச்சம் இருந்தது சாவி ஸ்விட்சுக்குப் போகும் தடித்த வயர் ஒன்றுதான்.

ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த வயர்களெல்லாம் புழுதி நிறத்துக்குப் போயிருந்தன. ஒன்று மட்டும் கறுப்பாகப் பளபளத்தது. தடித்த வயரின் தோலைச் சீவி, அதில் முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். அது ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் ஏறி, தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றில் முடிந்தது. பெட்டியில் ஒரு பச்சைப் பொட்டு விட்டு விட்டு எரிந்தது.

லாரி முதலாளிகளுக்கு அவரே இதுபோல எத்தனையோ மாட்டிக் கொடுத்திருக்கிறார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, வண்டி எங்க இருக்குன்னு பாக்குற கருவி மாட்டியிருக்கீங்களா? அதுக்குள்ள இருக்கற குட்டி பேட்டரி செத்துப்போச்சு. ஓயாம சார்ஜ் குடிக்குது."

"நான் எதையும் மாட்டலையே."

குனிந்து அந்தப் பச்சைப் பொட்டைப் பார்த்தாள்.

"இதுல நான் போற இடமெல்லாம் தெரியுமாண்ணே?"

"செல்போன்லயே பாக்கலாம். நின்ன இடம், நின்ன நேரம் எல்லாமே."

"எத்தனை நாளா இருக்கும்?"

"டேப்புல இன்னும் புழுதியே ஏறல. மூணு மாசத்துக்கு மேல இருக்காது."

மூன்று மாதத்துக்கு முன் கார் அவள் கையை விட்டு இரண்டே நாள் போயிருந்தது. பிரேக் பார்த்துத் தருகிறேன் என்று தம்பி எடுத்துப் போயிருந்தான். அவள் இந்த ஊருக்கு வந்தது சொந்தத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். பேட்டரி மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, மின்னலின் மனைவியிடம் அவள் இதையெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னாள். மகளைத் தூக்கிக்கொண்டு கணவனை விட்டு வந்து எட்டு மாதம். அவளுடைய இடது முழங்கை முழுதாக நீளவில்லை. மின்னலின் மனைவி அதைப் பார்த்தார்.

அப்போது அவள் போன் அடித்தது. தம்பி. மேஜைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி எடுத்தாள்.

"அக்கா, வண்டி ரிப்பேரா?"

அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமாடா. பேட்டரி. சாயங்காலம் ஆகுமாம்."

"சரி சரி. நீ அங்கயே இரு. எங்கயும் போகாத."

"ஏன்டா?"

"மாமா வராரு. கிளம்பிட்டாரு. ரொம்ப மாறிட்டாருக்கா. பாப்பாவை நினைச்சு அழுவுறாரு."

"வரட்டும்டா," என்றாள் நர்ஸ். குரலில் ஒரு பிசிறு இல்லை.

மின்னல் கட்டிங் பிளேயரை எடுத்தார். "அத வெட்டிப் போட்டுடறேன்."

"வேண்டாம்ணே. அது இங்க இருக்கறவரைக்கும் நானும் இங்கதான் இருக்கேன்."

போனையும் மேஜைமேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். மின்னலின் மனைவி ஏற்கெனவே ஸ்கூட்டர் சாவியோடு வாசலில் நின்றிருந்தார். "மூணரை வரைக்கும் எதுக்கு? இப்பவே போய்ப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கலாம். ஏறும்மா."

இரண்டு மணிக்கு அவள் கணவன் வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பணிவான பேச்சு. காரின் பானெட்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"எங்க வீட்டு வண்டி சார். அவங்க எங்க?"

"சாமான் வாங்கப் போயிருக்காங்க. வந்துடுவாங்க."

மேஜைமேல் கிடந்த போனை அவன் பார்த்தான். முகம் தெளிந்தது. "போனை விட்டுட்டுத் தூரமாப் போகமாட்டா." ஸ்டூலைக் காருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீங்க வேலையைப் பாருங்க. என்ன ஃபால்ட்டு?"

"தேடிட்டிருக்கேன் சார்."

கண்டுபிடித்த கோளாறை மின்னல் மறுபடி முதலிலிருந்து தேடத் தொடங்கினார். ஹாரன் ஃப்யூஸைப் பிடுங்கினார், மீட்டரைப் பார்த்தார், திரும்பச் செருகினார். அவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வைப்பர். ரேடியோ. பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டலடிக்கும் மந்த வேகத்தில் அன்று முதன்முறையாக வேண்டுமென்றே வேலை செய்தார். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது.

"ஸ்டியரிங்குக்கு அடியில பார்த்தீங்களா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"அங்க என்ன சார் இருக்கப்போகுது?"

அவன் சிரித்தான். "சும்மா கேட்டேன்."

நான்கு மணிக்குமேல் அந்தச் சிரிப்பு போய்விட்டது. ஸ்கூட்டர் திரும்பி வந்தபோது மணி ஐந்து. மின்னலின் மனைவி தனியாகக் காய்கறிப் பையோடு இறங்கி, "அந்தம்மா இன்னும் வரலையாங்க?" என்று கணவரைப் பார்த்து வாய்கூசாமல் கேட்டார்.

அவன் எழுந்தான். ஸ்கூட்டரைப் பார்த்தான், பையைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்து கடைப் பலகையை ஒருமுறை நிதானமாகப் படித்தான். நர்ஸின் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

மின்னல் வயரைத் துண்டித்தார். மீட்டர் பூஜ்யத்தில் விழுந்தது. அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்காரப் பிடிக்காமல் தரையில் உட்கார்ந்தார்.

"எங்க விட்ட அவங்கள?"

"உங்களுக்கு எதுக்கு? தெரிஞ்சா உங்க முகமே சொல்லிடும்."

நான்காம் நாள் தம்பி வந்தான். இரண்டு நாளாகத் தூங்காத முகம், உதட்டோரம் கிழிந்து வீங்கியிருந்தது. "அக்கா எங்கன்னு மட்டும் சொல்லுங்கண்ணே. தெரியாம செஞ்சுட்டேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் மாட்டினேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாது தம்பி," என்றார் மின்னல்.

மனைவி மேஜையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் எஞ்சினை அணைக்காமல் ஒரு கார் நின்றுகொண்டிருந்தது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவன் மாமா. தம்பி அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதில் ஏறாமல், எதிர்த்திசையில் வேகமாக நடக்கத் தொடங்கினான்.