ஆளுக்கொரு பிடி பஞ்சு

1

இந்தக் கதையில் பாதியை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அதில் ஒரு கெட்டவன் இருந்தான். இன்று காலை டாக்டர் அறையில் வைத்து அவனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அடித்து அடித்துத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சில் படிக்கும் உங்களுக்கு அது தெரியப்போவதில்லை, அதனால் சொல்லி வைக்கிறேன்.

பழைய தொடக்கம் இது:

[“மெத்தைப் பட்டறையில் தூசி இழுக்கும் காற்றாடி நின்றுபோய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டது. முதலாளி அதை அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை. அந்தத் தூசிதான் என் அண்ணன் மகளின் நெஞ்சுக்குள்—”]

அடித்துவிட்டேன். காற்றாடி நின்றது நிஜம். முதலாளி கஞ்சன் என்பதும் நிஜம். ஆனால் குழந்தையின் இருமலுக்கு அவன் காரணமில்லை. எங்கள் அம்மா பஞ்சு மூட்டை தூக்கித்தான் எங்களை வளர்த்தாள். முதலாளியைத் திட்டிக் கதை எழுதுவது எனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. இன்று அது தொண்டையில் நின்றுவிட்டது.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் அந்தப் பட்டறையில் மெத்தை தைக்கிறான். அண்ணி வீட்டிலிருந்தபடியே உறைத் துணி வெட்டிக் கொடுக்கிறாள். அவர்கள் மகளுக்கு மூன்று வயது முடியப்போகிறது. வாலு என்றுதான் கூப்பிடுகிறோம். காரணம் கேட்காதீர்கள், கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

வாலுவுக்கு இருமல். வந்துபோகும் இருமல் அல்ல, குடிவந்துவிட்ட இருமல். காய்ச்சல் இல்லை. பகலெல்லாம் ஓடுவாள், கத்துவாள், சுவரில் கிறுக்குவாள். படுக்கையில் போட்டால் ஆரம்பித்துவிடும். விடியும்போது தும்மலும் சேரும். கண்ணைக் கசக்கிக் கசக்கி எழுவாள். ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள்: ஐஸ், ஈரச் சுவர், பக்கத்து வீட்டுக்காரரின் சிகரெட். மருந்துக்கடைக்காரர் சிவப்பு மருந்து கொடுத்தார். அதற்குக் கேட்கவில்லை என்றதும் மஞ்சள் மருந்து.

அண்ணன் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். பட்டறைத் தூசி தன்மேல் ஒட்டி வருகிறதென்று அங்கேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். மகளைத் தூக்கும்முன் கையை முகர்ந்து பார்ப்பான்.

இருமல் கூடக் கூட, அவள் படுக்கும் மெத்தையைப் பிரித்து, பஞ்சு சேர்த்து, இன்னும் மெத்தென்று தைத்தான்.

(இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். காரணம் அடுத்த பகுதியில்.)

3

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய மெத்தைகள் பிரித்து அடிக்க வரும். யார் யாரோ வருஷக்கணக்கில் புரண்ட பஞ்சு. அதை மறுபடி அடித்தால் பூவாய் வரும். புதுப் பஞ்சு குத்தும், சூடு என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. அதனால் வேலைக்காரர்களில் யார் வீட்டிலாவது பிள்ளை பிறக்கப்போகிறதென்றால், மற்றவர்கள் தாங்கள் பிரிக்கும் மெத்தைகளில் ஆக மென்மையானதிலிருந்து ஆளுக்கொரு பிடி எடுத்து ஒரு சாக்கில் போட்டுவைப்பார்கள். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சாக்கு தானாக நிறையும்.*

அப்படிச் சேர்ந்த பஞ்சில்தான் வாலுவின் மெத்தை. நானும் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். சத்தியமாக, என் ஆயுளில் அப்படியொன்றில் நான் படுத்ததில்லை.

* முதலாளிக்கு இது தெரியாது என்று எல்லோரும் நம்புகிறார்கள். தெரிந்தும் கண்டுகொள்வதில்லை என்று நான் நினைக்கிறேன். பழைய வரைவில் அவன் கெட்டவனாக இருக்க வேண்டியிருந்ததால் இதை விட்டுவிட்டேன்.

4

இன்று காலை, உடம்புக்கு எது ஆகவில்லை என்று பார்க்க, டாக்டர் வாலுவின் முன்கையில் வரிசையாக மருந்துச் சொட்டு விட்டு, ஒவ்வொரு சொட்டிலும் லேசாகக் குத்தினார். வாலு அழவில்லை. “ஊசியக் குடு, உனக்கும் குத்தறேன்” என்றாள். அண்ணியும் நானும் சிரித்துக்கொண்டே காத்திருந்தோம். சோதனை சரிதானா என்று பார்க்க விட்ட சொட்டு சிவந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று, சட்டைப் பொத்தான் அளவுக்குத் தடித்து எழுந்தது. மற்றவை அப்படியே இருந்தன.

“பாப்பா எதுல படுக்கறா?”

அண்ணிக்கு முகமெல்லாம் பெருமை. “அவங்கப்பாவே தைச்ச மெத்தைங்க. கடையில தேடினாலும் கிடைக்காது.”

“உள்ள என்ன?”

“நல்ல பஞ்சுங்க. ஆள் படுத்துப் பழகின பஞ்சு. அதுதான் மெத்துனு இருக்கும்.”

கறிக்கடையில் எடை சொல்வதுபோல டாக்டர் சொன்னார். “தூசிப் பூச்சின்னு ஒண்ணு இருக்கும்மா. கண்ணுக்குத் தெரியாது. நம்ம உடம்புலேருந்து உதிர்ற தோல்தான் அதுக்குச் சாப்பாடு. பழைய மெத்தையில கூட்டம் கூட்டமா இருக்கும். அதோட கழிவு இவ உடம்புக்கு ஆகல. இது சளியும் இல்ல, கிருமியும் இல்ல. அலர்ஜி.”

யார் யாருடைய தோலோ. எந்தெந்த வீட்டுப் பூச்சியோ. அத்தனையையும் பொறுக்கி எடுத்து, அடித்து, தைத்து, அதில் பிள்ளையை முகம் புதைத்துப் படுக்க வைத்திருக்கிறோம். இருமினால் இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கிறோம்.

“பட்டறைத் தூசியா இருக்காதா டாக்டர்? அங்க காத்தாடிகூட ஓடறதில்ல.” கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டேன்.

“அது இவங்கப்பா நெஞ்சுக்குக் கெடுதல். அவரையும் கூட்டிட்டு வாங்க. இவளுக்கு முதல்ல அந்த மெத்தைய வெளியே போடுங்க. மருந்து எழுதறேன். நாளைக்கே நின்னுடும்னு சொல்ல மாட்டேன்.”

5

அண்ணியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் அழவைத்தேன்: [“அவள் கண்களில் நீர் கோத்தது. சேலைத் தலைப்பால்—”] பொய். அவள் அழவே இல்லை. பஸ் நிறுத்தத்தில் நின்று என்மேல் பாய்ந்தாள்.

“உங்கண்ணன்கிட்ட இதச் சொல்லக் கூடாது.”

“சொல்லாம எப்படி அண்ணி?”

“எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லித் தூக்கிப் போட்டுடறேன். நீ வாயத் தொறக்காத.”

“எலி கடிச்சா அவன் வேற ஒண்ணு தைப்பான். அதே பஞ்சுல.”

“அவரு அதத் தைச்சப்ப நீ பாக்கல. ஒரு குச்சிகூட இருக்கக் கூடாதுன்னு பஞ்சை எடுத்துக் கன்னத்துல தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தாரு. அந்த மனுஷன்கிட்ட போய், உன் கையாலதான் உம்புள்ள இருமுதுன்னு சொல்லுவியா? கதை எழுதறவளுக்கு ஊர்ல வேற எதுவும் கிடைக்கலையா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். என் தோளில் கிடந்த வாலு இருமினாள். உடம்பு முழுக்கக் குலுங்கியது.

6

அண்ணன் வீட்டுக்குத் திரும்பியதும் உட்கார்ந்து முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) அண்ணி பொய் சொல்கிறாள். அண்ணன் இன்னொன்று தைக்கிறான். இருமல் தொடர்கிறது. கதைக்கு நல்லது, குழந்தைக்கு இல்லை.

ஆ) நான் சொல்கிறேன். அண்ணன் மெத்தையைத் தெருவில் போட்டுக் கொளுத்துகிறான். தீயின் வெளிச்சத்தில் அவன் முகம்— சே. சினிமா.

இ) அண்ணன் சிரிக்கிறான். “நாமெல்லாம் அதுல புரண்டுதானே வளந்தோம்? நமக்கென்ன ஆச்சு?” நமக்கு ஆகவில்லை, இவளுக்கு ஆகிறது, எல்லா உடம்பும் ஒன்றில்லை என்கிறேன். நம்பவில்லை. இந்த முடிவுக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் என் அண்ணன் இப்படித்தான் பேசுவான்.

இந்த மூன்றிலும் நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இருமுகிறவள் ஓரத்தில் கிடக்கிறாள்.

7

ஈ) என்று எழுதி வைத்தேன். படியில் காலடிச் சத்தம்.

மதியச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்துவிட்டான். கக்கத்தில் புத்தம்புது உறை போட்ட குட்டித் தலையணை.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

அண்ணி சோற்றுப் பானையைத் திறந்துகொண்டே என்னைப் பார்க்கிறாள்.

“ஏன் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? பெரிய வியாதியா?”

“அதெல்லாம் இல்ல அண்ணே.”

“பின்ன என்ன? இரு, இத அவ தலைக்கு வெச்சிட்டு வரேன். நெஞ்சு கொஞ்சம் ஒசரமா இருந்தா இருமல் அடங்குமாம், மேஸ்திரி சொன்னாரு. அதே சாக்குப் பஞ்சுதான், தொட்டுப் பாரேன், எப்படி இருக்குன்னு.”

உள்ளே வாலு தூங்குகிறாள். அண்ணி அவளைத் தரையில் போர்வை விரித்துப் படுக்க வைத்திருக்கிறாள். “புள்ளைய ஏன் தரையில போட்டீங்க?” என்று அண்ணன் சத்தம் போடாமல் கடிந்துகொள்கிறான். முட்டி போட்டு உட்கார்கிறான்.

ஈ) முடிவை நான் எழுதப்போவதில்லை. இனி எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் அவனிடம் பேசாமலிருக்கும் நேரம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு முதல் வார்த்தை. அவனை நொறுக்காமல், அவன் கையை மட்டும் நிறுத்துகிற வார்த்தை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். யோசிக்காதீர்கள்.

ஒரு கையில் தலையணை, மறு கையால் அவள் தலையைத் தூக்கிவிட்டான்.