சேதுபதி வீட்டில் தங்கிய காற்று

1964 மாசியில் காற்று சேதுபதியின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது. வந்தது வந்ததுதான், போகவில்லை. அந்த வாரம் காரைக்குடிச் சந்தையில் கத்திரிக்காய் மலிவு, அதைத் தவிர வேறு விசேஷம் கிடையாது. களத்தில் நெல் தூற்றும்போது காற்றடிக்காவிட்டால் எல்லாரும் "வா காத்தே, வா" என்று அதட்டுவார்கள். அதுவும் கொஞ்ச நேரம் வீசிவிட்டுத் தன் வழியே போகும். சேதுபதி பிறவியிலேயே மரியாதைக்காரன், ஆட்டுக்குட்டியைக்கூட அதட்ட மாட்டான். நெல் தூற்றும் சொளகில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "எங்குட்டு நிக்கிறீக? அவசியம் நம்ம வீட்டுக்கு வரணும்" என்று கல்யாணத்துக்கு அழைப்பதுபோல அழைத்துவிட்டான். வெற்றிலை வைத்து அழைத்தால் யார்தான் வரமாட்டார்கள்?

தூற்றி முடித்ததும் காற்று அவன் பின்னாலேயே வந்து நடுவீட்டில் நின்றது. வேலிக்கு வெளியே வேப்பிலை அசையாது. வேலிக்குள்ளே துவைத்த வேட்டி நிமிஷத்தில் காயும், சேவல் கூவினால் சத்தம் அடுத்த தெருவில்தான் கேட்கும். அவன் அம்மா மீனம்மாள் சோற்று இலைக்கு நாலு மூலையிலும் கல் வைத்துச் சாப்பிட்டாள். "போகச் சொல்லித் தொலைடா" என்று கத்தினாள். வீட்டுக்கு வந்தவர்களைப் போகச் சொல்வதா? சேதுபதிக்கு நாக்கு எழவில்லை.

அதனால் அவன் கல்யாணம் நின்றது. நாச்சியாபுரத்து உடையப்பன் மகள் புஷ்பவள்ளியை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். புகுந்த வீட்டில் கால் வைத்ததும் பெண் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். உடையப்பன் முன்கூட்டியே வந்து ஏற்றிப் பார்த்தார். தீப்பெட்டிதான் காலியானது. "வெளக்கு நிக்காத வீட்டுக்கு எம் மகள அனுப்ப மாட்டேன்" என்று துண்டை உதறினார், துண்டும் பறந்துபோயிற்று. புஷ்பவள்ளியோ கட்டினால் சேதுபதியைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக இருந்தாள். அவனுக்கும் அவள்மேல் உயிர்.

புதுவயல் லாரி மெக்கானிக் மீரான் சாகிபு வழி சொன்னார். காற்றில் சுழல உத்தரத்தில் ஒரு விசிறி, அதோடு லாரி டைனமோ, ஒரு பேட்டரி. எந்தக் காற்றுக்கும் அணையாமல் பல்பு எரிந்தது. உடையப்பன்கூடச் சம்மதித்துவிட்டார். அங்கேதான் வினை வந்தது. ஏழு ஊர் சேர்ந்த நாடு அது, எந்த ஊருக்கும் கரண்டு வரவில்லை. கோயில் மரியாதை முதல் கண்மாய்த் தண்ணீர் வரை பங்கு வைக்கும் நாட்டார் கூட்டம் உடனே கூடியது. தலைவர் கருத்தையா அம்பலம் எழுந்தார். "கண்மாத் தண்ணி மாதிரி காத்தும் நாட்டுக்குப் பொது. கொள்கை முடிவாகுற வரைக்கும் ஒருத்தரும் லைட்டுப் போடப்படாது." பல்பைக் கழற்றிக் கோயில் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

முதல் பல்பு எந்த ஊருக்கு என்பதுதான் பேச்சு. திருவிழாவில் முதல் விபூதி வாங்கும் ஊருக்கே என்றார் அம்பலம். தேர் வடத்தை முதலில் தொடும் ஊர் வரிந்து கட்டிக்கொண்டு எழுந்தது. வருஷா வருஷம் கூடினார்கள், கிடா வெட்டிச் சாப்பிட்டார்கள், கலைந்தார்கள். 1969இல் கம்பம் நட வந்தவர்களையும் "கொள்கை முடியட்டும்" என்று மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். சேதுபதி ஒவ்வொரு கூட்டத்திலும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு "எனக்கு ஒத்த பல்புதான் வேணும்யா" என்பான். "பொறு தம்பி, மொதல்ல நாடு" என்பார்கள். அவன் மீசை நரைக்க ஆரம்பித்தது.

1972 வைகாசியில் புஷ்பவள்ளிக்குப் பொறுமை போயிற்று. கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டச் சொல்லி, குத்துவிளக்கும் கையுமாக நேரே புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டாள். உள்ளே நுழைந்ததும் முந்தானை முகத்தில் அடித்தது. ஒரு கணம் நின்று பார்த்தாள்.

"ஏங்க, இத்தன வருசமா வந்தவுகள நிக்க வச்சிருக்கீகளே, உக்காரச் சொன்னீகளா?"

சேதுபதி சொல்லவில்லைதான்.

அவள் ஜமுக்காளத்தை விரித்து, பறக்காமல் முழங்காலால் அழுத்திக்கொண்டு, "உக்காருங்கய்யா, கால் கடுத்திருக்கும்" என்றாள். ஒரு செம்பு மோரும் வைத்தாள். ஜமுக்காளத்தின் நடுவே மெல்லக் குழி விழுந்தது. வீடு ஓய்ந்தது. புஷ்பவள்ளி விளக்கேற்றினாள், சுடர் அசையாமல் நின்றது. சேதுபதி கூட வந்திருந்த எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான்.

கொள்கையும் அதே வாரம் நிறைவேறித் தொலைத்தது: ஏழு ஊருக்கும் ஒரே நேரத்தில் விளக்கு. நாட்டார் பல்பும் கம்பியுமாக வந்து பார்த்தால், காற்று உட்கார்ந்திருக்கிறது, விசிறி அசையவில்லை. "எந்திரிக்கச் சொல்லுப்பா" என்றார் அம்பலம். "வந்தவுகள எப்படிங்க எந்திரின்னு சொல்றது? நீங்க சொல்லுங்க" என்றான் சேதுபதி. அம்பலம் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவரும் அந்த நாட்டுக்காரர்தானே. கடைசியில் புஷ்பவள்ளிதான் வெற்றிலை வைத்து, "பகல்ல மட்டும் கொஞ்சம் கை குடுங்க, வெளக்கு வைக்கிற நேரம் வந்து உக்காந்துக்கிடுங்க" என்று கேட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து காற்று காலையில் எழுந்து விசிறியைச் சுழற்றி ஏழு ஊர்ப் பேட்டரிகளையும் நிரப்பும், பொழுது சாய்ந்ததும் ஜமுக்காளத்துக்கு வந்துவிடும். விருந்தாளி நிற்கையில் விளக்குப் போடுவது மரியாதையில்லை என்று, ஏழு ஊரிலும் சுவிட்சில் கை வைக்குமுன் பெண்கள் வாசலுக்கு வந்து, "உக்காந்துட்டாகளா?" என்று குரல் கொடுப்பார்கள்.

"உக்காந்துட்டாக" என்பான் சேதுபதி.