நாற்பத்தொன்றாம் மாடி

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டவில்லை, குறைக்கவில்லை, மெருகு போடவில்லை. சத்தியம் செய்யச் சொன்னால் யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் செய்யலாம். இதில் வருகிற எல்லோருமே தலை கொடுப்பார்கள்.

மகள் சிவப்புக் கல்லை இடப்பக்கம் தள்ளினாள். மூன்று சிவப்பு ஒரே வரிசையில் சேர்ந்து, மினுங்கி, மறைந்தன. கட்டிலில் கிடந்தவர் ஒரு மூச்சு இழுத்தார்.

“இன்னொண்ணு இருக்கு பாரு. மேல, மூலைல.”

“பாத்துட்டேன்பா. நீங்க பேசாதீங்க.”

“நான் பேசலைன்னா நீ தப்பா தள்ளுவே.”

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். முடி நரைக்கும்வரை லிஃப்ட் பழுது பார்த்தவர். டாக்டர் காலையில் வந்து பார்த்துவிட்டு, இனிக் கொடுக்கிற மருந்து வலிக்குத்தான், உயிருக்கு இல்லை என்று வாசலில் வைத்து மகளிடம் மெதுவாகச் சொல்லியிருந்தார். சாயங்காலத்தைத் தாண்டாது. கப்பலில் சமையல்காரனாக இருக்கும் மகன் துறைமுகத்தில் இறங்கி பஸ் ஏறிவிட்டான். அவன் வந்து சேரும்வரை அப்பாவை எப்படியாவது நிறுத்திவைக்க வேண்டும். மகளுக்கு அன்று வேறு வேலையே கிடையாது.

ஆட்டம் போனில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கற்களை மாற்றி, ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் அவை மறைந்து, அந்த மாடியில் காவல் நிற்கும் பூதத்துக்கு அடி விழும். மண்டையோட்டுக் கற்கள் சேர்ந்தால் அடி நமக்கு. பூதம் செத்தால் மூன்று வரங்கள் வரும், ஒன்றை எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போகலாம். நம்முடைய இதயங்கள் தீர்ந்துபோனால், எத்தனையாவது மாடியில் இருந்தாலும் சரி, சேர்த்ததெல்லாம் போய்விடும். திரும்ப முதல் மாடி. லிஃப்ட்காரர் ஓய்வு பெற்றதிலிருந்து இதை ஆடி, முப்பதைத் தாண்டியதில்லை. இன்றைக்கு நாற்பத்தொன்றில் நின்றார். கட்டைவிரல் மட்டும் காலையிலிருந்து எழும்பவில்லை. அதனால் மகள் அவருக்குக் கட்டைவிரலாக இருந்தாள்.

விஷயத்தை முதலில் கண்டுபிடித்தவள் அத்தை, லிஃப்ட்காரரின் தங்கை.

“ஏண்டி, ஆட்டத்துல ஒரு இதயம் ஏறினா அண்ணன் உதட்டுல ரத்தம் ஏறுது. கவனிச்சியா?”

“சும்மா இருங்க அத்தை.”

“நான் சும்மா இருக்கேன். நீ அடுத்ததைத் தள்ளு, பாப்போம்.”

மகள் இதயக் கற்கள் மூன்றைச் சேர்த்தாள். லிஃப்ட்காரரின் உதடு வெற்றிலை போட்டதுபோலச் சிவந்தது. அவர் எழுந்து தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னல் கதவு கீல் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டார். அடுத்த வரிசையில் மண்டையோடு சேர்ந்ததும் சரிந்து படுத்தார்.

அதன் பிறகு யாரும் சும்மா இருக்கவில்லை. மூன்று தலைகள் ஒரு சின்னத் திரைமேல் குனிந்தன.

“அண்ணி இருந்திருந்தா இந்தப் போனை எப்பவோ கிணத்துல போட்டிருப்பா,” என்றாள் அத்தை, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே.

மூன்றாவது தலை மாப்பிள்ளையுடையது. பஸ் ஓட்டுபவர். எதிலும் சந்து கிடைத்தால் நுழைந்துவிட வேண்டும் அவருக்கு.

“மாமா, அந்தப் பச்சையை இறக்கினா நாலு சேருமே?”

லிஃப்ட்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “மாப்பிள்ளை, உங்களுக்குக் கும்பிடு போடுறேன். அதைத் தொடாதீங்க.”

பஸ்ஸில் வந்துகொண்டிருந்த மகளின் அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. மகள் தன் போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பாதி வழி வந்தாயிற்று, இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றான் அவன். அவள் திரும்பி வந்தபோது மாப்பிள்ளை பச்சையை இறக்கியிருந்தார். நான்கு பச்சை சேர்ந்து மறைந்தது உண்மைதான். அந்த இடத்துக்கு மேலேயிருந்து மண்டையோடுகள் சரசரவென்று இறங்கி, ஒன்று மாற்றி ஒன்று சேர்ந்து, இருந்த இதயங்களையெல்லாம் வழித்துக்கொண்டு போயின. ஒன்றே ஒன்று மிச்சம். பலகையிலும் ஒரே ஒரு நகர்வுதான் மிச்சம், நீலக் கல். அதைத் தள்ளினால் மேலேயிருந்து என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது.

“ஓவர்டேக் பண்ணிட்டீங்களா?” என்றாள் அத்தை. “இது என்ன ரோடா? இது உங்க மாமனார்.”

மாப்பிள்ளை போனை நீட்டினார். மகள் போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“இந்த ஆட்டத்துல நேரக் கணக்கு கிடையாதே,” என்றாள் மெதுவாக. “நாம தொடாத வரைக்கும் அது முடியாது.”

அப்படியே ஆயிற்று. குழாயில் இறங்கிக்கொண்டிருந்த மருந்துச் சொட்டு பாதியில் தொங்கியது, விழவில்லை. அத்தையின் டீயில் ஆவி அடங்கவே இல்லை. ஆறட்டும் ஆறட்டும் என்று மத்தியானம் முழுக்கத் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு மேலே பறந்த ஈ அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை அதை இரண்டு விரலால் எடுத்துக் கொண்டுபோய் ஜன்னலுக்கு வெளியே விட்டார். வெளியே போனதும் அது பாட்டுக்குப் பறந்தது.

சாயங்காலம் டாக்டர் வந்தார். மார்பில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

“ஒரு துடிப்பு வந்து நிக்குது. அடுத்தது வரல. இது போகவும் இல்ல.” குழலைச் சுருட்டிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். “நாற்பத்தொண்ணா? நான் பத்தொன்பதுலயே நிக்கிறேன். அந்த நீலத்தை மட்டும் தொட்டுடாதீங்கம்மா.”

எல்லாம் நின்றிருந்தது. வலி மட்டும் நிற்கவில்லை. சொட்டு விழாததால் மருந்தும் உள்ளே போகவில்லை. லிஃப்ட்காரரின் நெற்றி நரம்பு புடைத்து, புடைத்தபடியே இருந்தது. மகள் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தில் அதே வியர்வை இருந்தது.

“பாப்பா,” என்றார் அவர். “ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கிறேன்டா.”

“அண்ணன் வந்துட்டிருக்கான்பா. கொஞ்சம்தான்.”

“உள்ள ஆள் இருக்கிற லிஃப்ட்டை நடுவுல நிறுத்தி வைக்கக் கூடாது. கரண்டு வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. மேல ஏறிப் போயி, பிரேக்கை விட்டு, பக்கத்துல எந்த மாடியோ அங்க கொண்டு வந்து கதவைத் திறந்துடணும்.”

“கீழ விழுந்துட்டா?”

“அதான் எல்லாரும் பயப்படுறது.” அவர் சிரிக்கப் பார்த்தார். “அந்தப் பக்கம் எடைக்கல்லு தொங்குது பாரு, அது காலி லிஃப்ட்டை விட கனம். கூண்டு லேசா இருந்தா, பிரேக்கை விட்டதும் மேலதான் போகும். கீழ வராது.”

“நீங்க லேசா?”

“தூக்கிப் பாரு.”

அவள் அவர் கையைத் தூக்கினாள். சட்டையின் கை மட்டும் வந்ததுபோல வந்தது.

மறுபடி அண்ணன் அழைத்தான். பஸ் வழியில் படுத்துவிட்டது, மாற்று பஸ் காலையில்தானாம். தெருவோரத்தில் நிற்கிறான் போலிருக்கிறது. லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

“பரவால்லண்ணே,” என்றாள். “நாங்க தொடாம வச்சிருக்கோம். நீ வர்ற வரைக்கும் இருப்பாரு. நாளைக்கு வந்தாலும் இருப்பாரு.”

எதைத் தொடாமல் என்று அவன் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தைப் போனில் ஏற்றிக் கொடுத்தவனே அவன்தான்.

“வலிக்குதா அவருக்கு?”

அவள் அப்பாவின் நெற்றியை மறுபடி துடைத்தாள். நாலைந்து லாரிகள் போயின.

“அவர் காதுல வை,” என்றான்.

வைத்தாள். என்ன பேசினான் என்று யாருக்கும் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் ஒருமுறை “ம்” என்றார். கொஞ்சம் கழித்து, “உப்பு கம்மியாப் போடு, உனக்கு எப்பவும் கை தாராளம்,” என்றார். பிறகு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. லாரிச் சத்தம் மட்டும் அவர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் அதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தாள்.

“என்னைக் கேக்காதடி,” என்றாள் அத்தை. “எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாது.”

மகள் ஆட்டம் இருந்த போனை அப்பாவின் மார்பில் சாய்த்துவைத்தாள். எழும்பாத அந்தக் கட்டைவிரலைத் தன் விரல்களுக்குள் எடுத்து, நீலக் கல்லின்மேல் வைத்து, மேலே தள்ளினாள்.

மூன்று நீலம் மினுங்கி மறைந்தன. மேலேயிருந்து கற்கள் இறங்கத் தொடங்கின. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சேரச் சேர மறைந்து, மறைய மறைய இறங்கி, நெடுநேரம் அது நிற்கவே இல்லை. கடைசியாக மூன்று மண்டையோடுகள், அவசரமே இல்லாமல், பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன. குழாயில் சொட்டு விழுந்தது. அத்தை தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள், ஆறியிருந்தது.

திரை கறுத்து, வெளுத்தது. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பொருளை எடுத்துச்செல்லலாம் என்று மூன்று படங்களைக் காட்டியது.

மகள் குனிந்து, அவருக்குக் கேட்கும்படி படித்தாள். “விளக்கு இருக்கு. சாவி இருக்கு. ஒரு போர்வை இருக்கு. எதுப்பா எடுக்கட்டும்?”

கேட்டுவிட்டு, போனைப் பிடித்தபடி காத்திருந்தாள். வெளிச்சம் தானாகக் குறைந்து அணையப் போனபோதெல்லாம் விரலால் தொட்டு மறுபடி ஏற்றினாள். மாப்பிள்ளை ஒரு நாற்காலியை ஓசையில்லாமல் தூக்கிவந்து அவள் பின்னால் வைத்தார்.

லிஃப்ட்காரர் கல்யாணமே செய்துகொள்ளாதவர், கூடப்பிறந்தவர்களும் கிடையாது. சத்தியம் செய்ய நான் தயார்தான், அடிக்கத்தான் தலை இல்லை.