நாலாம் பிள்ளை

வகுப்பில் விதுஷா முப்பத்தேழாம் பிள்ளை. தேயிலைத் தோட்டத்தில் அவள் குடியிருந்த லயத்தில் நாலாம் பிள்ளை. முப்பத்து மூன்று பேரை அவள் ஒரே நொடியில், ஒரே பொய்யில் தாண்டியிருந்தாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அங்கே ஆறாம் வகுப்பிலிருந்து அவள்தான் முதலாம் பிள்ளை. வகுப்பில் மொத்தமே பதினொரு பேர் என்பதையும், கடைசி இரண்டு வருஷம் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லை என்பதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பதுளையிலே பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்த அன்று, தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா அழகர், கவ்வாத்துக் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் மலையிலிருந்து இறங்கி வந்தார். மகள் டாக்டராகப் போகிறாள் என்று அன்றைக்கே லயம் முழுக்க முடிவாகிவிட்டது. விதுஷாவுக்கும் அதில் மறுப்பில்லை. சொல்லப்போனால் அந்த ஆசையை முதலில் வாய்விட்டுச் சொன்னவளே அவள்தான்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தரைக்கு மலை இறங்கி, தெமோதரையில் பஸ் பிடித்தால் ஏழு மணிக்குப் பதுளை. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். அதன் பிறகு ஐந்து மணி வரை டியூசன். வீடு திரும்ப ஏழாகிவிடும். இந்த அலைச்சலை அவள் ஒரு கஷ்டமாகவே நினைக்கவில்லை. கஷ்டம் வகுப்பறைக்குள்ளே இருந்தது.

கணக்குப் படிப்பிக்கும் சேர் பலகையில் இரண்டு வரி எழுதுவார். "இதெல்லாம் லீவுலயே டியூசன் கிளாஸ்ல செஞ்சிருப்பீங்கதானே?" என்பார்.

"ஆமா சேர்" என்று நாற்பது குரல் கேட்கும். நாற்பத்தோராவது குரல் விதுஷாவுடையது. சேர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பக்கத்தில் இருந்த ஜிப்னா ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே படிக்கிறவள். தன் கொப்பியை விதுஷா பார்க்கும்படி மெதுவாகத் தள்ளி வைப்பாள். விதுஷா அதைப் பார்த்து எழுதிக்கொள்வாள். எழுதியது ஒன்றும் புரியாது.

முதலாம் தவணை ரிப்போர்ட் வந்தது. கணக்கு இருபத்திரண்டு, விஞ்ஞானம் முப்பத்தொன்று, வகுப்பில் நிலை முப்பத்தேழு. அன்று பஸ்ஸில் வரும்போது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். லயத்துப் பீலியில் அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எத்தனாம் புள்ளம்மா?"

அவர் முகத்தில் அப்போதே சிரிப்பு இருந்தது. பக்கத்து வீட்டு ரெங்கம்மா தண்ணீர் பிடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"நாலாம் புள்ளப்பா."

ஏன் நாலு என்று பிறகு அவள் பல தடவை யோசித்திருக்கிறாள். முதலாம் பிள்ளை என்றால் நம்பமாட்டார்கள், பத்தாம் பிள்ளை என்றால் போதாது. பரீட்சை மண்டபத்தில் அசையாமல் நின்ற மூளை, பீலியடியில் அந்தக் கணக்கை மட்டும் சரியாகச் செய்திருந்தது.

மறுநாள் காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா சந்திரகாந்தியிடம் ரிப்போர்ட்டை நீட்டினாள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, மகள் விரல் வைத்த இடத்தில் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் அப்பா ரிப்போர்ட்டைக் கேட்டபோது அது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தது.

அவர் சும்மா இருந்திருந்தால் அது ஒரு வீட்டுப் பொய்யாகவே செத்துப்போயிருக்கும். ஆனால் அவர் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொன்னார், தேயிலை ஸ்டோரில் சொன்னார், மாரியம்மன் திருவிழாக் கமிட்டியில் சொன்னார். திருவிழா அன்று மைக்கில் விதுஷாவின் பேரைக் கூப்பிட்டு, மேடையில் ஏற்றி, பொன்னாடை போர்த்தி, ஓர் அகராதியும் கொடுத்தார்கள். "பதுளை டவுன் புள்ளைகளோட போட்டி போட்டு நாலாவதா வந்திருக்கு நம்ம புள்ள" என்று தலைவர் சொன்னதும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் நன்றி என்று மட்டும் சொன்னாள். என்ன அடக்கம் பார் என்று அதையும் மெச்சினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து லயத்துச் சின்னப் பிள்ளைகள் ஏழு பேர் கொப்பியோடு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கும் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் அவளுக்கு அந்தப் பொய் மறந்துபோகும். பின்னம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பொய்யைக் கலைக்க ஒரே வழிதான் அவளுக்குத் தெரிந்தது: அதை உண்மையாக்கிவிடுவது. நிஜமாகவே நாலாம் பிள்ளையாகிவிட்டால் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது. நாலரைக்கு எழுந்தவள் மூன்றுக்கு எழுந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே சூத்திரங்களை முணுமுணுத்தாள். காலை ரொட்டியைச் சாப்பிடாமல், போகிற வழியில் நாய்க்குப் போட்டாள். படிக்கும்போது இடது காதுக்குப் பின்னால் இருக்கும் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குகிற பழக்கம் வந்தது. தலை பின்னிவிடும்போது அம்மா அந்த வழுக்கையைப் பார்த்துவிட்டு, "பூச்சி வெட்டு போல இருக்கே" என்று எண்ணெய் தடவினாள். "ரொம்பப் படிக்காத தங்கம்" என்று சொல்லவும் செய்தாள். சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமை விதுஷாவுக்கு நன்றாகக் கேட்டது.

இரண்டாம் தவணைக் கணக்குப் பரீட்சை அன்று முதல் கேள்வி அவளுக்குத் தெரிந்த கேள்வியாகவே இருந்தது. மூன்று தடவை செய்து பார்த்த அதே கணக்கு. பேனாவை எடுத்தாள். எண்களெல்லாம் எண்களாகத் தெரிந்தனவே தவிர, ஒன்றோடொன்று சேரவில்லை. ஒரு மணி நேரம் கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விடைத்தாளில் எழுதியிருந்த பேரையும் பரீட்சைச் சுட்டிலக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்தாள். எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து, மேசையோடு சாய்ந்துவிட்டாள். ஜிப்னாதான் தாங்கிப் பிடித்தாள்.

ரிப்போர்ட் கொடுக்கும் நாளில் அப்பாவைக் கட்டாயம் கூட்டிவரச் சொன்னார் வகுப்பு ஆசிரியை நஸ்மியா டீச்சர். அழகர் வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, ஏதோ பாராட்டுக்குப் போகிறவர் மாதிரியே வந்தார்.

"இருங்க" என்றார் டீச்சர். "புள்ள வகுப்புல தூங்குது. சோதனை அன்னைக்கு மயங்கி விழுந்திச்சு, வீட்டுல சொன்னிச்சா?"

"இல்லீங்களே டீச்சர்."

டீச்சர் ரிப்போர்ட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். ஏழாம் வகுப்பு வரை படித்த அழகர், விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே போனார். இரண்டு தவணையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டாம் தவணை, வகுப்பில் நிலை முப்பத்தைந்து. விரல் இடப்பக்கம் நகர்ந்தது. முதலாம் தவணை, முப்பத்தேழு. அந்த இடத்தில் விரல் வெகுநேரம் இருந்தது.

"முயற்சி பண்ற புள்ளதான்" என்றார் டீச்சர். "ஆனா அடியில இருந்தே நெறையப் பாடம் விட்டுப்போயிருக்கு. அத இப்ப எங்களால திரும்பப் படிப்பிக்க நேரமில்ல. டாக்டர் அது இதுன்னு பாரத்த ஏத்தாதீங்க. மொதல்ல கணக்கு பாஸாகட்டும்."

"சரிங்க டீச்சர்" என்றார் அழகர். எழுந்து கும்பிட்டார்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் உட்காரவில்லை. விதுஷாவுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், பல மாசத்துக்குப் பிறகு, நெஞ்சு கொஞ்சம் லேசாகவும் இருந்தது. அடிப்பார், ஏசுவார், லயத்துக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும். நாளைக்கு மூன்று மணிக்கு எழும்ப வேண்டாம்.

மலைப் பாதையில் ஏறும்போதுதான் அவர் கேட்டார்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லத்தாம்பா வந்தேன். நீங்க சிரிச்சீங்க."

அவர் முன்னால் ஏறிக்கொண்டே இருந்தார்.

"அப்பா, எனக்கு அங்க முடியலப்பா. தெமோதரைப் பக்கமே ஏதாவது பள்ளிக்கூடத்துல சேந்துக்கிறேன். டாக்டர் வேணாம்பா."

பாதை திரும்பியதும் கொழுந்து நிறுக்கும் மடுவம் வந்தது. அந்தி நிறுவைக்குப் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் கட்டிய கூடையோடு அம்மாவும் நின்றாள். வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் ரெங்கம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"என்னாண்ணே, இந்தத் தவணை எத்தனாம் புள்ள?"

வரிசை முழுக்கத் திரும்பியது. விதுஷா அப்பாவைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள்ளே கெஞ்சினாள்.

"மூணாம் புள்ள" என்றார்.

"பாத்தியா! நாலுலருந்து மூணு! அடுத்தது மொதலாம் புள்ளதான், வேற என்னா!" ரெங்கம்மா விதுஷாவின் கன்னத்தை வழித்து விரலை மடக்கிச் சொடுக்கினாள். அம்மா கூடையை இறக்காமலேயே வரிசையிலிருந்து வெளியே வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அவள் சேலையில் பச்சைக் கொழுந்து வாசனை அடித்தது. அழகர் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார். மகள் இருந்த பக்கம் மட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் விதுஷா கேட்டாள். "ஏம்பா அப்பிடி சொன்னீங்க?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மாட்டிய பிறகும் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எனக்கும் வாய் வரலம்மா."

மூன்றாம் தவணைப் பரீட்சைக்கு இன்னும் பதினொரு வாரம் இருந்தது. சீருடையை மாற்றாமலேயே விதுஷா கணக்குப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போயிற்று. நிறுவை முடிந்து வந்த அம்மா வெளியே லயத்துப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தாள், அக்கா படிக்குது, சத்தம் போடாதீங்க என்று.