சின்னப்பொண்ணு சொன்னதாகச் சொன்னது

மேனேஜர் அன்புச்செல்வன் அந்தப் பெயரைச் சொல்வார் என்று ஜெயசுதா எதிர்பார்க்கவில்லை.

"கேட் பேனர்ல ஒரு பொண்ணு சிரிச்சுக்கினு நிக்குதே, மலைக்காரப் பொண்ணு, சின்னப்பொண்ணு. அதை நேர்ல பாக்கணுமாம். நம்மகிட்ட ஷூ வாங்குற கம்பெனியிலேருந்து பெங்களூர் மேடம் ஒருத்தங்க வெள்ளிக்கிழமை வராங்க. எந்த லைன்ல இருக்குது அது?"

"அது இப்ப வேலையில இல்ல சார். பேரு எடுத்தாச்சு."

"எடுத்தாச்சா? யாரு எடுத்தது?"

யார் எடுத்தது என்று கேட்டால் யாரும் எடுக்கவில்லை. நைனார்பாளையம் போகிற ரோட்டில் இருக்கும் அந்த ஷூ கம்பெனியில், லீவு சொல்லாமல் தொடர்ந்து வராமல் இருந்தால் பெயரைக் கம்ப்யூட்டரே எடுத்துவிடும். கம்ப்யூட்டருக்கு ஏது பாவ புண்ணியம்? அது மனுஷருக்குத்தான்.

"தொழிலாளர் நல நாள்னு பந்தல் போட்டு வெச்சிருக்கோம். கண் டாக்டர் வராரு, யோகா வாத்தியார் வராரு. பேனர்ல இருக்கிற பொண்ண மட்டும் காணோம்னா சிரிப்பாங்கம்மா. நீ மலைக்குப் போய் ஒரு நாளைக்குக் கூட்டிக்கினு வா. ஒரு புடவைய குடுத்து அனுப்பிடலாம்."

ஒரு நாளைக்குத்தானா, வேலை இல்லையா என்று கேட்க ஜெயசுதா வாயெடுத்தாள். கேட்டால், அந்தப் பெண் ஏன் நின்றாள் என்று அவர் திருப்பிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்லப் போனால் வழக்கு நேராக இவள் வாசலில் வந்து நிற்கும். எடுத்த வாயை மூடிக்கொண்டு, "சரி சார்," என்றாள்.

ஜெயசுதா எலவனாசூர்கோட்டைக்காரி. காணி நிலமுள்ள வீட்டுப் பெண், பி.காம் படித்தவள், இங்கிலீஷ் தடுமாறாமல் பேசுவாள். தையல் ஹாலில் சூப்பர்வைசர். பெண்களின் குறை கேட்கும் கமிட்டியிலும் அவள்தான் ஆள். கேட்டுக் கேட்டு நல்லது செய்தவள்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. டோக்கன் கொண்டுவந்ததே அவள்தான்.

அதற்கு முன்பெல்லாம் பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஹால் இன்சார்ஜ் சுபாஷிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டும். வாயாடிகள் போவார்கள், வாயில்லாதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜெயசுதாதான் சண்டை போட்டு, லைனுக்கு ஒரு சிவப்பு டோக்கன் வாங்கி, பின்பக்கச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். டோக்கன் இருந்தால் கழுத்தில் மாட்டிக்கொண்டு போ, வந்து திரும்ப மாட்டு, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெண்கள் எல்லாம் அவளை அன்றைக்குத் தெய்வமாகப் பார்த்தார்கள்.

சுபாஷ் விடுவானா? டோக்கன் போனால் வருவதில்லை, உற்பத்தி கம்மி ஆகிறது என்று நச்சரிக்க ஆரம்பித்தான். "என் மேசையில இருக்கட்டும். நான் இன்னா கேக்கவா போறேன்? எடுத்துக்கினு போவட்டும்," என்றான். அப்போது ஜெயசுதாவின் சம்பள உயர்வுக்கு அவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சரியென்று தலையாட்டிவிட்டாள். சொன்னபடியே அவன் ஒன்றும் கேட்கவில்லை. டோக்கனை எடுக்கும்போது முகத்தைப் பார்ப்பான், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான், அவ்வளவுதான். கீழ்நாட்டுப் பெண்கள் முணுமுணுத்துத் திட்டிக்கொண்டே எடுத்துப் போனார்கள். கல்வராயன் மலையிலிருந்து வந்து நைனார்பாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த பெண்களுக்கு அது கூடவில்லை. இப்போது ஒதுங்கப் போகிறேன் என்று ஓர் ஆம்பளைக்கு முன்னால் காட்டிவிட்டுப் போவதற்குச் செத்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அவர்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஜெயசுதாவுக்கு இது தெரியும். மலைப் பெண்களின் தண்ணீர் பாட்டில் காலையில் வந்தபடியே சாயங்காலம் போவதை அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெயில் காலம் முடியட்டும், சுபாஷிடம் பேசலாம் என்றிருந்தாள். வெயில் காலம் முடிவதற்குள் சின்னப்பொண்ணு மிஷின் மேலேயே சுருண்டு விழுந்தாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஜெயசுதாதான் கூட்டிப்போனாள். கிட்னி வரைக்கும் சீழ் பிடித்திருந்தது. "தண்ணியே குடிக்கிறதில்லையாம்மா?" என்று டாக்டர் கேட்க, சின்னப்பொண்ணு ஜெயசுதாவைப் பார்த்துவிட்டு, "குடிப்பேங்க," என்றாள். தன்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் அவள் அப்படிச் சொன்னாள் என்பது ஜெயசுதாவுக்குப் புரிந்தது. அன்றைக்கு அந்தப் பொய் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் தன்மேலேயே அருவருப்பாக வரும்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மலைக்குப் போன சின்னப்பொண்ணு, சிக்னல் கிடைக்கும் மேடு வரைக்கும் நோயோடு நடந்து வந்து போன் போட்டாள். "அக்கா, ஒரு மாசம் வேலைக்குப் போவக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லி வெச்சிடுங்க." ஜெயசுதா, "நான் பாத்துக்கறேன், நீ ஒடம்பப் பாரு," என்றாள். மறந்துபோனாள் என்றால்கூட மன்னிக்கலாம். மறக்கவில்லை. என்ன நோய், எதனால் வந்தது என்று ஆபீஸில் கேட்பார்களே என்று இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். அதற்குள் பெயர் போய்விட்டது. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்கள். இவள் தொட்டிலைக்கூட ஆட்டவில்லை.

வியாழக்கிழமை காலையில் கச்சிராயபாளையம் வழியாக ஜீப்பில் மலையேறினாள். வளைவுக்கு வளைவு ஒரு வாக்கியம் தயார் செய்தாள். உனக்கு வேலை இல்லை, ஒரு நாள் வந்துவிட்டுப் போ. இதை எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் இருந்தது. வெள்ளிமலையில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனபோது சின்னப்பொண்ணு சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"வேலைக்குக் கூப்பிட வந்தீங்களாக்கா? நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரருதான், உன்ன எவன் தேடிக்கினு வரப்போறான்னு கிண்டல் பண்ணிக்கினு இருந்தாரு."

ஜீப்பில் தயார் செய்த வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை. "நாளைக்குக் கம்பெனியில விசேஷம். உன்னப் பாக்க ஒரு மேடம் வராங்க. கெளம்பு," என்றாள் ஜெயசுதா. அதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். சமாதானம் சொல்லத் தெரியாத மனசு உண்டா?

சின்னப்பொண்ணு வீட்டுக்குள் போய் ஒரு பையில் துணிமணியும், கீழே தங்கிச் சாப்பிட ஒரு மூட்டைச் சாமை அரிசியும் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு நாளைக்கு எதற்கு மூட்டை? அங்கேயே சொல்லியிருக்கலாம். ஜெயசுதா மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினாள். இறங்குகிற வழியெல்லாம் சின்னப்பொண்ணு சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள், இவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பந்தலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கண் பார்த்தார்கள், மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள், மலைக்காரர், கீழ்நாட்டார், எல்லாரும் சமம் என்று மேனேஜர் பேசினார். அவர் நம்பித்தான் பேசினார். சின்னப்பொண்ணுக்குப் புடவை கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு அந்த பெங்களூர் மேடம், இந்தப் பெண்ணிடம் நான் தனியாகப் பேச வேண்டும், ஆண்கள் யாரும் வேண்டாம் என்றார். அவருக்குத் தமிழ் வராது. அதனால் மூன்று பேராக ஓர் அறைக்குள் போனார்கள். மேனேஜரும் சுபாஷும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

"இங்கே வேலை எப்படி இருக்கிறது? கஷ்டம் ஏதாவது இருந்தால் பயப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். அவள் பெயர் வெளியே போகாது," என்றார் மேடம் இங்கிலீஷில். ஜெயசுதா அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

சின்னப்பொண்ணு ஜெயசுதாவைப் பார்த்தாள். அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியம் அவள் முகத்தில் தெரிந்தது.

"மொதல்ல நல்லா இருந்துச்சுங்க. அப்பறம் டோக்கன அந்த சாரு மேசையில வெச்சிட்டாங்க. அவரு பாக்கறப்ப எடுக்க எனக்கு வெக்கமா இருக்குங்க. அதான் தண்ணி குடிக்கிறத வுட்டுட்டேன், ஒடம்பு கெட்டுப்போச்சு. எங்க ஊருப் பொண்ணுங்க இன்னும் மூணு பேரு குடிக்காமத்தான் இருக்குதுங்க. டோக்கன மட்டும் பழையபடி சொவத்துல மாட்டிட்டா போதுங்க."

சொல்லிவிட்டு அவள் காத்திருந்தாள். மேடமும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளதைச் சொன்னால் சுபாஷ் மாட்டுவான். மாட்டினால், மேசையில் வைக்கச் சம்மதித்தது யார் என்று அவன் சொல்வான். கமிட்டியில் இருந்துகொண்டு, பாட்டில் நிறைந்தபடி போவதைப் பார்த்துக்கொண்டு, போனில் சொன்னதை மறைத்துக்கொண்டு இருந்தது யார் என்று எல்லாம் வெளியே வரும். அந்த அறையில் அவளை மிரட்ட ஒருவரும் இல்லை. யார்மேலும் பழி போட முடியாது.

ஜெயசுதா இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னாள். சின்னப்பொண்ணு பேசியதில் பாதி நீளம்கூட இல்லை. மேடத்தின் முகம் மலர்ந்தது. எழுந்து வந்து சின்னப்பொண்ணின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தான் சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவு பிரியமாகக் கையைப் பிடிக்கிறார் என்று நினைத்து, சின்னப்பொண்ணின் கண் கலங்கிவிட்டது.

அன்று ராத்திரி ஜெயசுதாவுக்குச் சோறு இறங்கவில்லை. சின்னப்பொண்ணு சாயங்கால பஸ்ஸுக்கே மலை ஏறியிருப்பாள், யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று தன்னை நம்ப வைக்கப் பார்த்தாள். சொல்ல வேண்டிய யாராவது இவளேதான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

காலை ஷிப்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பூ வைத்து, நேற்றுக் கொடுத்த புடவையைக் கட்டியிருந்தாள். மூட்டையும் பையும் பக்கத்தில் இருந்தன.

"லிஸ்ட்ல பேரு இல்ல, உள்ள வுட முடியாதுன்னு சொல்லிட்டேங்க," என்றார் வாட்ச்மேன் கொளஞ்சியப்பன். "அக்கா சொல்லிருக்காங்க, அக்கா சொல்லிருக்காங்கன்னு ஒரே பிடியா உக்காந்துக்கினு இருக்குது. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லிடுங்க."

சங்கு ஊதியது. பெண்கள் இருவரையும் தாண்டி உள்ளே போனார்கள். ஜெயசுதா போகவில்லை. மூட்டைக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"உனக்கு வேலை இல்ல சின்னப்பொண்ணு. ஒரு நாளைக்குத்தான் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க. ஒடம்பு சரியில்லன்னு நீ போன் பண்ணியே, அத நான் ஆபீஸ்ல சொல்லவே இல்ல. அதான் பேரு போயிடுச்சு. உன்ன வேலைக்கு எடுங்கன்னு ஒரு வார்த்தகூட நான் கேக்கல. நேத்தும் கேக்கல."

அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. சின்னப்பொண்ணு புடவை ஓரத்தை விரலில் சுற்றினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப அந்த மேடத்துகிட்ட நான் சொன்னேன்னு இன்னாக்கா சொன்னீங்க?"

இதை அவள் கேட்பாள் என்று ஜெயசுதா நினைக்கவேயில்லை. இங்கிலீஷில் ஒரு மூச்சில் சொல்லிவிட்டது, தமிழில் நாக்கில் கல்லாக நின்றது. கொளஞ்சியப்பனும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இங்க ஒரு கொறையும் இல்ல, இது எனக்கு அம்மா வூடு மாதிரின்னு சொன்னேன்."

"நான் அப்பிடிச் சொல்லலியேக்கா," என்றாள் சின்னப்பொண்ணு.