கடைசிப் பந்தி விசாரணை

1

இந்தக் கதை ஒரு சிபாரிசுப் பட்டியலாகத்தான் தொடங்கியது. நாகர்கோவில் மாதப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், "சமீபத்தில் வந்த குட்டி நையாண்டிகளில் நல்லதாக மூன்றைச் சொல்லி ஒரு பக்கம் எழுதும்வே, ஜனங்கள் சிரிக்கட்டும்" என்றார். இந்த ஐம்பத்தைந்தாம் வருஷத்தில் ஜனங்கள் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. முதல் இரண்டும் சுலபம்.

ஒன்று, "அஞ்சுகிராமம் பஸ் புறப்பட்ட வரலாறு". ஆள் நிறைந்தால்தான் எடுப்பேன் என்கிற டிரைவர், எடுத்தால்தான் ஏறுவேன் என்கிற பயணி. மொத்தம் இரண்டே பக்கம். வாசியுங்கள், வயிறு வலிக்கும்.

இரண்டு, "எல்லைக்கல்லின் மனு". நம்மை எந்த ராஜ்யத்தில் சேர்ப்பது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, தன்னை எந்தப் பக்கம் திருப்பி நடுவார்கள் என்று ஒரு கல் சர்க்காருக்கு எழுதும் விண்ணப்பம். நடுவில் இழுவை, முடிவு பிரமாதம்.

மூன்று, "கடைசிப் பந்தி விசாரணை". எழுதியவர்: (

இந்த அடைப்புக்குறியில் பேனா நின்றுவிட்டது. மூன்று நாளாயிற்று.

2

சரி, கதையாக எழுதித் தீர்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

"பூதப்பாண்டி வயல்களின் மேல் அன்று இளவெயில்..."

வேண்டாம். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"உலகம்மை பொறுமைசாலி."

பொய். அப்படிச் சொன்னதெல்லாம் நாங்கள். அவளை யாரும் கேட்கவில்லை.

உலகம்மை எங்கள் வாசகசாலைச் செயலாளர் தாணுலிங்கத்தின் மனைவி. எட்டாம் வகுப்பு படித்தவள். எங்கள் கல்யாண வீடுகளில் முதலில் ஆண்கள் சாப்பிடுவார்கள், பிறகு விருந்துக்கு வந்த பெண்கள். விடியலிலிருந்து தேங்காய் துருவி, காய் அரிந்த பெண்களுக்குக் கடைசிப் பந்தி. இலை இருக்கும், சோறு இருக்கும், மற்றதெல்லாம் அதிர்ஷ்டம். அதைத்தான் உலகம்மை சர்க்கார் கமிஷன் அறிக்கை மாதிரி எழுதினாள். எரிசேரி தலைமறைவு. அவியலில் முருங்கைக்காய் இருந்ததற்குச் சாட்சி இல்லை. பிரதமன் என்கிற பாயசம் தண்ணீரில் மூழ்கி இறந்தது, தள்ளிவிட்டவர் யாரென்று தெரியவில்லை. பப்படம் விசாரணையில் நொறுங்கிப்போனது.

தாளைக் கணவனிடம் கொடுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எம் பேரு போட்டு அனுப்புங்கோ."

தாணுலிங்கம் அழகாகப் படியெடுத்தான். கடைசி வரி கடுமையாக இருக்கிறது என்று விட்டுவிட்டான். கீழே தன் பெயரைப் போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பினான்.*

* "அவன் கெட்டவன் இல்லை" என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன். அடித்தது தெரியட்டும். கெட்டவன் செய்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வராது.

3

பத்திரிகை வந்ததும் வாசகசாலைப் பலகையில் "இம்மாதம் அவசியம் வாசிக்க வேண்டியது" என்று எழுதியவன் நான். தாணுலிங்கம் என்ற பெயரைச் சிவப்பு சாக்பீஸில் எழுதினேன். உலகம்மை கோயிலுக்குப் போகிற வழியில் அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"பொம்பள பேரப் போட்டா எவன் வாசிப்பான்?" என்றான் தாணுலிங்கம். "ஒனக்கும் எனக்கும் என்னட்டி வித்தியாசம்?"

"வித்தியாசம் இல்லேன்னா எம் பேரப் போட்டிருக்கலாம்லா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் புறப்பட்டுவிட்டான்.

4

அடுத்த மாதம் கோலப்பன் வீட்டுக் கல்யாணம். விருந்தாளிகள் சாப்பிட்டு முடிய மூன்று மணி. கடைசிப் பந்திக்கு இலை போடப்போகிற நேரத்தில், கோலப்பன் பந்தலிலிருந்து கூப்பிட்டார்.

"மக்கா தாணு, ஒனக்க அந்த விசாரணைய வாசி, கேப்போம்!"

தாணுலிங்கம் வாசித்தான். பந்தல் சிரித்தது. பரிமாறுகிறவர்கள் வாளியும் கரண்டியுமாக வந்து நின்று கேட்டார்கள். தவசிப்பிள்ளையும் அடுப்பை விட்டுவிட்டு வந்தார். அடுக்களைச் சாய்ப்பில் பெண்கள் இலைக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் தாணம்மாளுக்கு ஏழு மாதம். காலையில் குடித்த கருப்பட்டிக் காப்பிதான்.

"ஏட்டி உலகம்மை, அவனுவ எதுக்கு இப்பிடிச் சிரிக்கானுவ?" என்றாள் தாணம்மாள்.

"நாம பட்டினி கெடக்கது அவ்வளவு தமாஷா இருக்கு மைனி."

(நானும் சிரித்தேன். முன்வரிசையில், வயிறு நிறைய முதல் பந்திப் பிரதமனோடு. இந்த அடைப்புக்குறியை எடுத்துவிடலாம். எடுக்கவில்லை.)

"பெண்களுக்குப் பசிக்கும் என்று கமிஷனிடம் யாரும் தெரிவிக்காததால் வழக்கு முடிக்கப்பட்டது" என்று தாணுலிங்கம் வாசித்து முடித்தான். கைதட்டல்.

உலகம்மை பந்தலுக்கு வந்தாள். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "கமிஷன் உறுப்பினர்கள் அனைவரும் முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் என்பதும் பதிவு செய்யப்படுகிறது."

அச்சில் இல்லாத வரி. எழுதியவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அவள் தாணுலிங்கத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம், இவள் எழுதியதுதான் என்று அவன் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் வாயைத் திறந்தவர் கோலப்பன். "பலே! பொண்டாட்டிக்கும் பாடஞ்சொல்லிக் குடுத்து வச்சிருக்கானே!"

பந்தல் குலுங்கியது. தாணுலிங்கமும் சிரித்தான். பாவி, அவனும் சிரித்தான்.

5

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) தாணுலிங்கம் எழுந்து உண்மையைச் சொல்கிறான். நான் அங்கே இருந்தேன். சொல்லவில்லை.

(ஆ) பெண்கள் கரண்டியை எறிந்துவிட்டு வெளிநடப்பு செய்கிறார்கள். ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் தாணம்மாள் ஆறிப்போன ரசச்சோறு தின்றுவிட்டு அண்டா கழுவினாள்.

(இ) நேற்று நான் உலகம்மையிடம் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "மைனி, பட்டியல்ல உங்க பேரப் போடட்டா?" என்று கேட்டேன். பெரிய தருமம் செய்கிறவன் மாதிரி.

"அண்ணைக்கு பந்தல்ல இருந்தியளா?"

"இருந்தேன்."

"நான் சொன்ன வரி அச்சுல இல்லேன்னு தெரியுமா?"

"தெரியும். மூணு தடவ வாசிச்சிருந்தேன்."

"பொறவு?"

அவள் முறத்தைத் தட்டினாள். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

நாளை தாள் அச்சாபீசுக்குப் போக வேண்டும். தாணுலிங்கம் என்று போட்டால் திருட்டுக்கு நானும் கூட்டு. உலகம்மை என்று போட்டால் பந்தல் மறுபடி சிரிக்கும். ஆகவே அடைப்புக்குறியை மூடாமல் உங்களிடம் தருகிறேன். நீங்களும் பப்படத்துக்குச் சிரித்தவர்கள்தானே.

ஒன்று பாக்கி. இந்தக் கதையின் தலைப்பு அவளுடையது. எரிசேரியும் பிரதமனும் அவளுடையவை. எதையும் அவளைக் கேட்டு எடுக்கவில்லை. பத்திரிகை உங்கள் கைக்கு வந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பி, தலைப்புக்குக் கீழே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.