நடுவழிச் சேதி

"சேலம் கெடைக்கல. கேன்சல் பண்ணிடட்டா?" என்று கடத்தூர் போஸ்டாபீஸ் கிளார்க் அர்ச்சுனன் கேட்டபோது, யாகப்பனுக்கு நெஞ்சுக்குள் யாரோ கடப்பாரையை இறக்கினது போலிருந்தது. மணி நாலு. ஐந்துக்குள் பேசியாக வேண்டும்.

காலையில்தான், அவன் கட்டிக்கொள்ள நினைத்திருந்த ஆரோக்கியம்மாளின் கடிதம் வந்தது. சேலத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சமையல் வேலை. முப்பத்தெட்டு வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துப் படித்த யாகப்பன், கடிதத்தை யாரிடமும் கொடுக்காமல் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டு அரைமணி நேரம் படித்தான். 'நம் கல்யாணத்துக்குச் சம்மதம் என்றால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் டிரங்கால் போட்டுச் சொல்லுங்கள். மூன்று மணியிலிருந்து போன் பக்கத்திலேயே இருப்பேன்.' இன்றைக்குத்தான் அந்தச் சனிக்கிழமை. நாளைக்குப் பூசையில் கல்யாண ஓலையை, அதாவது மாப்பிள்ளை பெண் பேர்களை, முதல் தடவை வாசித்தால்தான் வாசிக்க வேண்டிய மூன்று ஞாயிறும் சரியாக வரும். அதை விட்டால் திருவருகைக் காலம் பிறந்துவிடும். கிறிஸ்துமஸ் தாண்டும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அவளுடைய அண்ணனோ ஓசூரில் வேறு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துக்கொண்டு நிற்கிறான். அதுவரை பொறுக்க மாட்டான்.

"கெடைக்கலன்னு யாருங்க சொன்னது? ஆஸ்பத்திரியிலயா?"

"தர்மபுரி எக்சேஞ்சுல சொன்னாங்கப்பா. எல்லாம் ஒண்ணுதான். திங்கக்கெழம வா."

"ஒண்ணு இல்லீங்க சார்" என்றான் யாகப்பன். போன் கம்பம் நடக் குழி தோண்டுகிறவன் அவன். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவிலுள்ள தொப்பூர் கணவாயில் மட்டும் இரண்டு மழைக்காலம் மண் வெட்டியிருக்கிறான். காற்றடித்தால் ஒரு கிளை கம்பியில் சாயும். லைன்மேன் வந்து வெட்டிப் போட்டால் மறுபடி பேச்சு ஓடும். "தர்மபுரிக்காரரு பாதியில நிக்கறவரு. அவருக்கு வழி அடைச்சிருந்தா, அந்தாண்ட ஆளே இல்லன்னு ஆயிடுங்களா? அவங்க வாயால வேணாம்னு சொல்லட்டும், நான் வூட்டுக்குப் போயிடறேன். அதுவரைக்கும் கேன்சல் போடாதீங்க."

தபால்கார்டு வாங்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏன் யாகப்பா, சும்மா சும்மா சட்டைய இழுத்து வுட்டுக்கற? போனுக்குள்ள சட்ட தெரியுமா?"

"தெரிஞ்சாலும் தெரியுங்க்கா."

அர்ச்சுனனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காதில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு மறுபடியும் கைப்பிடியைச் சுற்றினார். வழக்கமாக எதற்கும் 'கெடைக்கல' என்ற ஒரே சொல்லை வீசுகிறவர், அன்றைக்குக் கிரிக்கெட் வர்ணனை சொல்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். "தர்மபுரி பேசுது... தொப்பூருல கம்பி அறுந்துருக்காம். ஆளு போயிருக்காம்." கால் மணி கழித்து, "சேலம் வந்துட்டுது, ஆனா ஆஸ்பத்திரி லைன்ல வேற யாரோ பேசறாங்க." ஒவ்வொரு சேதிக்கும் செல்லம்மாள் கார்டை மறந்துவிட்டு, "அப்புறம்? அப்புறம்?" என்றாள். வழி அடைத்திருந்தது, இப்போது திறந்துவிட்டது, வாசலில்தான் கூட்டம். இவ்வளவு தெரிந்தால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்றிருந்தது யாகப்பனுக்கு. நாளெல்லாம் குழி வெட்டின கால்கள்கூட வலிக்கவில்லை.

ஐந்தாகப் பத்து நிமிஷம். அர்ச்சுனன் ரிசீவரை நீட்டி, "மணியடிக்குது, புடி!" என்று கத்தினார்.

"அலோ! நான் யாகப்பன்! கடத்தூரு!"

"கேக்குதுங்க. எதுக்கு இப்பிடிக் கத்தறீங்க?" அவள்தான். "கடுதாசிய யாரு படிச்சுக் காட்டுனாங்க?"

"நானேதான் படிச்சேன்."

அந்தப் பக்கம் அவள் சிரித்தது கேட்டது.

"சம்மதமுங்களா?"

"சம்மதம். நூறு தடவ சம்மதம்!"

"ஐயோ, அஞ்சு மணிக்கு ஃபாதர் கெளம்பிடுவாருங்க. ஓலைக்குப் பேரு குடுத்துட்டு வந்தர்றேன்!"

போனை வைக்காமலே அவள் ஓடிவிட்டாள் போலிருக்கிறது. "பேசியாச்சில்ல, குடு" என்று அர்ச்சுனன் கை நீட்டினார். யாகப்பன் ஒரு விரலைத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினான். மண் ஒட்டிய காதோடு ரிசீவரை இறுக்கி வைத்துக்கொண்டான். எத்தனையோ கம்பங்களைத் தாண்டி, ஏதோ ஒரு நீளமான வராந்தாவில் ரப்பர் செருப்புகள் பட்பட்டென்று ஓடிக்கொண்டிருந்தன.